போட்டோ பார்த்து வரையலாமா, நேர்ல பார்த்து வரையணுமா?

போட்டோ பார்த்து வரைஞ்சா ஏமாத்து வேலையா? என்னைக் கேட்டா, இல்லை. 1821-ல ஜெரிக்கோ வரைஞ்ச எப்சம் பந்தயக் குதிரைகள் நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும். 1878-ல மைபிரிட்ஜ் எடுத்த போட்டோக்கள் வேற கதை சொன்னது: நாலு குளம்பும் தரையை விட்டு எழும்போது கால்கள் வயித்துக்கு அடியில மடங்கியிருக்கு. கண்ணு தவறவிட்டதை கேமரா பிடிச்சது.

ஆனா கேமராவுக்கு ஒத்தைக் கண்ணு. கிட்டக்க எடுத்த செல்ஃபியில மூக்கு பெருசாகும், காது சிறுசாகும். வெயில்ல நிழல் வெறும் கறுப்பாகிடலாம்; நேர்ல அதுக்குள்ளயும் நிறம் தெரியும். 3டி-யை 2டி-யா மாத்துற வேலையையும் கேமராவே முடிச்சிடுது. நாம கத்துக்க வேண்டியதே அந்த வேலையைத்தான்.

அதனால என் விதி: அசையாதது நேர்ல, ஓடுறது போட்டோவுல. இன்னிக்கு உங்க காபி டம்ளர்ல ஆரம்பிங்க.