தோட்டாவும் தராசும்: எறிவியல் மென்பொருள் கற்போருக்குச் சில குறிப்புகள்

நம் பிள்ளைகளில் சிலர் இப்போது துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வமாக இருக்கிறார்கள். தோட்டா பாயும் வழியைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. தோட்டாவுக்குள் எவ்வளவு மருந்து நிரப்பலாம் என்று கணக்கிடும் மென்பொருளும் இருக்கிறது. இவை என்ன செய்கின்றன, எதுவரை நம்பலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பதை நான் படித்தறிந்த அளவில் எழுதுகிறேன்.

சித்தூரில் வெல்ல மண்டி நடத்தும் சமணனுக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் நடப்போம். ஆனால் எடை போடுவது என் தொழில். எறிவியல், அதாவது பாலிஸ்டிக்ஸ், எடையிலும் அளவிலும் நிற்கிற சாத்திரம். அந்த வாசல் வழியாகத்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

தேவனாம்பட்டினத்தில் மறைந்த ஆசான்

இந்த சாத்திரத்துக்கு முறையான அடித்தளம் போட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-இல் அவர் பீரங்கிக் கலை பற்றி எழுதிய நூலை, கணித மேதை ஆய்லர் 1745-இல் விரிவான உரையோடு ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். அந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் நம் கரைக்கு வந்தார். கோட்டைகளைச் செப்பனிடுவதுதான் வேலை. மறு ஆண்டே, 1751 ஜூலை 29-இல், கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். எறிவியலின் தந்தை தமிழ் மண்ணில் கண்மூடினார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

அவர் செய்த சோதனை நம் தராசுக் கடைக்காரருக்கு எளிதில் விளங்கும். கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு அதில் தோட்டாவைச் சுட்டார். கட்டை தோட்டாவைப்போல ஆயிரம் மடங்கு எடை என்று வையுங்கள். தோட்டா அதில் புதைந்ததும் கட்டை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஆடும். நொடிக்கு 500 மீட்டர் என்ற கண்ணுக்குத் தெரியாத வேகம் அரை மீட்டராகச் சுருங்கிவிடும். அதை யாரும் அளக்கலாம் அல்லவா?

இப்படி அளந்தபோதுதான் காற்றின் பலம் வெளிப்பட்டது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 பாகைச் சாய்வில் கிளம்பும் குண்டு, காற்றே இல்லாவிட்டால் 17 மைல் போய் விழ வேண்டும். உண்மையில் பழைய மஸ்கெட் துப்பாக்கிக் குண்டு ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை. மீதியெல்லாம் காற்று தின்றுவிடுகிறது. அதுவரை பீரங்கிக் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் காற்றை அற்பம் என்று தள்ளிவிட்டிருந்தார்கள்.

வெளிப்பாதைக் கணக்கு

குழாயை விட்டு வெளியே வந்த தோட்டாவின் கதையைச் சொல்வது ஒரு வகை மென்பொருள். அது பறக்கும் நேரத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் காற்று எவ்வளவு இழுத்தது, பூமி எவ்வளவு ஈர்த்தது என்று பார்த்து அடுத்த துண்டுக்குப் போகிறது. வேறு மந்திரம் எதுவுமில்லை. இதையே ஒரு காலத்தில் மனிதர்கள் உட்கார்ந்து கையால் போட்டார்கள். ஒரே ஒரு பாதைக்கு 20 மணி நேரம்வரை பிடித்தது. 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்ற அமெரிக்கக் கணினி இந்தக் கணக்குக்காகவே கட்டப்பட்டது. அது அரை நிமிடத்தில் முடித்தது.

கற்க விரும்பும் பிள்ளை முதலில் நோட்டுப் புத்தகத்தில் காற்றில்லாத கணக்கைப் போடட்டும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஈயக்குண்டின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் என்றால், இலக்கைத் தொடுவதற்குள் அது சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பிறகு மென்பொருளில் காற்றையும் சேர்த்துப் பார்த்தால் 18-ஐ நெருங்கும். இந்த இறக்கத்தைச் சரிக்கட்டத்தான் குறிநோக்கியைத் திருத்துகிறார்கள். அந்த இலக்கின் நடுவில் உள்ள 10-ஆம் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் வேகத்தில் 2 மீட்டர் வேறுபட்டாலே 0.4 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். ஆகையால் சுடுபவர் கை மட்டும் நிலையாக இருந்தால் போதாது, வேகமும் நிலையாக இருக்க வேண்டும் என்பது கணக்குப் போட்ட மாத்திரத்திலேயே புரிந்துவிடும்.

மென்பொருள் நம்மிடம் நான்கைந்து எண்களைக் கேட்கும். தொடக்க வேகம், குண்டின் எடை, காற்றைக் கிழிக்கும் திறனைக் குறிக்கும் எறிவியல் கெழு, பக்கக் காற்று, காற்றின் அடர்த்தி ஆகியவை அவை. கெழுவில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஜி1, ஜி7 என்று அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஜி1 தட்டையான அடி கொண்ட பழைய வடிவக் குண்டுக்கு. ஜி7 நீண்டு அடி குறுகிய புதிய வடிவத்துக்கு. படிக்கணக்கை மரக்காலில் எழுதியதுபோல ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் விடை தாறுமாறாகிவிடும். அடர்த்தியும் அப்படியே. திருப்பதியிலிருந்து திருமலை ஏறினால் உயரம் சுமார் 700 மீட்டர் கூடுகிறது, காற்று ஏறக்குறைய 7 சதவீதம் மெலிகிறது. மேலே போனதும் நமக்கு மூச்சு வாங்குவதில் படி ஏறிய களைப்போடு இதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

உள்ளே நடக்கும் கணக்கு

மற்றொரு வகை மென்பொருள், மருந்து பற்றிய பிறகு தோட்டாக் கூட்டுக்குள்ளும் குழாய்க்குள்ளும் என்ன நடக்கிறது என்று கணக்கிடுகிறது. வெளிநாடுகளில் தோட்டாவைத் தாமே நிரப்பும் விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் உறவில் ரைபிள் பயிற்சி பெறும் பையன் ஒருவன், "தாத்தா, கம்ப்யூட்டர்தான் அளவு சொல்லுதே, நாமே நிரப்பினா என்ன?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

மருந்தை எடை போடும் அலகு கிரெயின். தானிய மணி என்று பொருள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். நம் தட்டார் பட்டறைக் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. சிறிய தோட்டாவில் மருந்து 5 கிரெயின்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் குன்றிமணி கூடிப்போனால் 20 சதவீதம் தவறு. மண்டியில் ஒரு மூட்டைக்கு அரைக் குன்றிமணி கூடினால் யார் கேட்கப்போகிறார்கள்? இங்கே அது உயிர்க் கணக்கு.

ஏன் என்றால், அழுத்தம் கூடினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். புகையில்லா மருந்தை 1884-இல் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பால் வியேல் வகுத்த விதி இது. வெல்லப்பாகு பொங்கினால் அடுப்பை இழுத்துவிடலாம். தோட்டாவுக்குள் எல்லாம் ஆயிரத்தில் ஓரிரு நொடிக்குள் முடிந்துபோகிறது, யாரும் கை நீட்ட நேரமில்லை. எடை சரியாக இருந்தும் குண்டு சற்று ஆழமாக அமர்ந்துவிட்டால், உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். மென்பொருளுக்கு உங்கள் பித்தளைக் கூடு தெரியாது, டப்பாவில் உள்ள மருந்தின் பதம் தெரியாது. கொடுத்த எண்ணுக்கு விடை சொல்லும், அவ்வளவே. அழுத்தம் எல்லை மீறினால் முதலில் பறிபோவது சுடுபவரின் கண்ணும் விரலும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். "சும்மா பார்க்கலாம்னு செய்தேன்" என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு பாடம்

நேற்றுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 1971 அக்டோபர் 9-இல் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. எல்விஎம்-3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் எஸ்-200 மோட்டார்களில் ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட எரிபொருள் இருக்கிறது. அந்த மருந்துக் கட்டிக்கும் பெயர் கிரெயின்தான்! அங்கேயும் அழுத்தத்துக்கும் எரியும் வேகத்துக்கும் உள்ள உறவே அடிப்படை விதி.

அங்கே இல்லாத கம்ப்யூட்டரா? அப்படியிருந்தும் அவர்கள் கணக்கை மட்டும் நம்பிப் பறக்கவிடவில்லை. 2010 ஜனவரி 24-இல் எஸ்-200 மோட்டாரைத் தரையில் கட்டிவைத்து எரித்து, அளந்து பார்த்தார்கள். அந்த ராக்கெட்டின் முதல் சோதனைப் பறப்பு 2014 டிசம்பரில்தான் நடந்தது. காற்றையும் அவர்கள் குத்துமதிப்பாக விடுவதில்லை. ஏவுவதற்கு முன் பலூன் பறக்கவிட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். சித்தூர் – திருப்பதி சாலையில் நாம் பஸ்ஸில் கடந்துபோகும் காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ராடார் 1,024 ஆண்டெனாக்களை வானத்தை நோக்கி விரித்துவைத்து உயரக் காற்றை ஆராய்கிறது. ராபின்ஸ் கட்டையைத் தொங்கவிட்டு அளந்த அதே காற்றுதான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இந்த மென்பொருளைக் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். இயற்பியலும் கணிதமும் அதில் சேர்ந்தே வரும். காற்றுத் துப்பாக்கிக் கணக்கில் தொடங்கட்டும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். மென்பொருள் சொன்னதைப் பயிற்சியாளர் முன்னிலையில் இலக்கு அட்டையோடு ஒப்பிட்டு எழுதி வைக்கட்டும். மருந்து நிரப்பும் வேலை உரிமம் பெற்ற தொழிற்சாலையோடு நிற்கட்டும். தராசு சரியாக இருந்தாலும் தட்டில் வைத்த கல் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதுதான் நம் வியாபாரிகளின் வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அதே வழக்கம் பொருந்தும்.