ஒரு ஸ்பூன் என்றால் எவ்வளவு?

இரவு ஒன்பது மணி. இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

அன்று மாலைதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் குழந்தையைப் பார்த்தார். எடை போட்டார். 10 கிலோ. சீட்டில் ‘பாரசிட்டமால் 150 மி.கி., 6 மணிக்கு ஒரு முறை’ என்று எழுதினார். அப்பா கடையில் மருந்து வாங்கி வந்தார்.

“போன தடவை மாதிரியே ஒரு ஸ்பூன் கொடு” என்றார் பாட்டி.

அம்மா ஸ்பூனை எடுத்தார். பாட்டிலைப் பார்த்தார். இது சின்ன பாட்டில். கூடவே சொட்டுக் குழாய் ஒன்றும் இருந்தது. போன தடவை வாங்கிய காலி பாட்டில் அலமாரியில் இருந்தது. இரண்டையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். லேபிளில் இருந்தது ஆங்கில எழுத்து. ஆனால் எண்களை அவரால் படிக்க முடிந்தது. பழைய பாட்டிலில் 125. புதிய பாட்டிலில் 100.

“எண் வேறாக இருக்கிறதே!”

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, குழந்தையோடு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கேதான் நர்ஸம்மா குடியிருக்கிறார்.

நர்ஸம்மா லேபிளைப் படித்தார். சொட்டுக் குழாயில் 1 மி.லி. கோடு வரை ஒரு முறை எடுத்தார். பிறகு பாதி எடுத்தார். குழந்தைக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் பேசினார்.

“நல்ல வேளை, கேட்க வந்தீர்கள். இதில் ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தால் மூன்று மடங்குக்கு மேல் போயிருக்கும். பாரசிட்டமால் அளவோடு கொடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும்.”

“125-ஐ விட 100 குறைவுதானே, நர்ஸம்மா?” என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. பதிலை நாமும் தெரிந்துகொள்வோம்.

மருந்து வேறு, தண்ணீர் வேறு

ஒரு சொம்புத் தண்ணீரில் ஓர் அச்சு வெல்லம் கரைக்கிறோம். இன்னொரு சொம்பில் இரண்டு அச்சு வெல்லம் கரைக்கிறோம். இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் குடிக்கிறோம். வயிற்றுக்குள் போன வெல்லம் ஒரே அளவா? இல்லை.

மருந்தும் அப்படித்தான். மில்லிகிராம் (மி.கி.) என்பது மருந்தின் எடை. அதுதான் வெல்லம். மில்லிலிட்டர் (மி.லி.) என்பது திரவத்தின் அளவு. அதுதான் டம்ளர். 1000 மில்லிகிராம் ஒரு கிராம். 1000 மில்லிலிட்டர் ஒரு லிட்டர்.

லேபிளில் இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே இருக்கும். பழைய பாட்டிலில் ‘5 மி.லி.யில் 125 மி.கி.’ என்று இருந்தது. புதிய பாட்டிலில் ‘1 மி.லி.யில் 100 மி.கி.’ என்று இருந்தது. 125-ஐயும் 100-ஐயும் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எத்தனை மி.லி.யில் என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே குழந்தை, மூன்று பாட்டில்

முதலில் 1 மி.லி.யில் எவ்வளவு மருந்து என்று கண்டுபிடியுங்கள். பிறகு இப்படி வகுங்கள்:

வேண்டிய மருந்து ÷ 1 மி.லி.யில் உள்ள மருந்து = கொடுக்க வேண்டிய மி.லி.

குழந்தைக்கு வேண்டியது 150 மி.கி.

முதல் பாட்டில்: 5 மி.லி.யில் 125 மி.கி.
125 ÷ 5 = 25
150 ÷ 25 = 6 மி.லி.

இரண்டாம் பாட்டில்: 5 மி.லி.யில் 250 மி.கி.
250 ÷ 5 = 50
150 ÷ 50 = 3 மி.லி.

மூன்றாம் பாட்டில்: 1 மி.லி.யில் 100 மி.கி.
150 ÷ 100 = 1.5 மி.லி.

குழந்தை ஒன்று. மருந்து ஒன்று. ஆனால் கொடுக்க வேண்டியது 6, 3, ஒன்றரை.

பாட்டி சொன்ன ஸ்பூன் 5 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பாட்டிலில் 5 × 100 = 500 மி.கி. போயிருக்கும். வேண்டியது 150 தான். பாட்டி மீது தவறில்லை. பாட்டில் மாறியது அவருக்குத் தெரியாது.

வீட்டு ஸ்பூன்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால் கோடு போட்ட மூடியிலோ, சொட்டுக் குழாயிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

சின்னப் புள்ளி

1.5 என்றால் ஒன்றரை. புள்ளியைக் கவனிக்காவிட்டால் அது 15 ஆகிவிடும். பத்து மடங்கு! அதனால் நர்ஸ்களுக்கு இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரை என்றால் 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யத்தை விடக்கூடாது. ஐந்து என்றால் 5 என்று மட்டும் எழுத வேண்டும். 5.0 என்று எழுதினால் 50 என்று படித்துவிடலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை?

6 மணிக்கு ஒரு முறை என்றால் 24 ÷ 6 = 4 முறை. நான்கு முறைக்கும் சேர்த்து 4 × 150 = 600 மி.கி. காய்ச்சல் இறங்கவில்லையே என்று நடுவில் இன்னொரு முறை கொடுக்கக்கூடாது. சில சளி மருந்துகளிலும் பாரசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

நம் நாட்டில் இன்சுலின் புட்டி பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். அதற்கு 40 என்று எழுதிய சிரிஞ்சு உண்டு. மூடி சிவப்பு. 1 மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதற்கு 100 என்று எழுதிய சிரிஞ்சு. மூடி ஆரஞ்சு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 40 சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது அரை மி.லி. அதில் 100 இன்சுலினை எடுத்தால் 20 யூனிட்டுக்குப் பதிலாக 50 யூனிட் போய்விடும். சர்க்கரை அளவு திடீரென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து. புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

1. டாக்டர் எழுதியது 100 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. எத்தனை மி.லி. கொடுக்க வேண்டும்?

2. மூன்று மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துத்தநாக மாத்திரை தினம் அரை மாத்திரை, 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள். எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்?

3. 8 மணிக்கு ஒரு முறை, 5 நாள். மொத்தம் எத்தனை வேளை?

விடை: 4 மி.லி., 7 மாத்திரை, 15 வேளை.

நினைவில் வையுங்கள்

எவ்வளவு மருந்து வேண்டும் என்று சொல்வது டாக்டரின் வேலை. அதைச் சரியாக அளந்து கொடுப்பது நம் வேலை. சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆபத்தான மருந்து என்றால் ஒரு நர்ஸ் போட்ட கணக்கை இன்னொரு நர்ஸ் சரிபார்ப்பார்.

தவறி அதிகம் கொடுத்துவிட்டால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்று இரவு அந்த அம்மா வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்தார். பாட்டிலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். அதில் எழுதினார்: ‘ஒன்றரை மி.லி. ஸ்பூன் வேண்டாம்.’