எண்ணெய்க் காசுக்குக் கணக்கு வைத்த அமைச்சர்

எண்ணெய் விலை ஏறினால் தாராளச் செலவு, இறங்கினால் கடன். நைஜீரிய அரசாங்கத்தின் கணக்கு நெடுங்காலம் இப்படித்தான் ஓடியது. உலக வங்கியில் இருபது வருடங்களுக்கு மேல் பணியாற்றிய என்கோசி ஒகோன்ஜோ இவேலா 2003இல் நிதியமைச்சரானதும் முதலில் கைவைத்தது இந்தப் பழக்கத்தில்தான்.

2004 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பீப்பாய் 25 டொலர் என்றே கணக்கிடப்பட்டது. சந்தையில் மேலதிகமாகக் கிடைத்தது தனிக் கணக்கில் சேர்ந்தது. கையில் காசு இருந்ததால் பேரம் பேசவும் முடிந்தது. 2005இல் பாரிஸ் கழக நாடுகளுக்குரிய சுமார் 30 பில்லியன் டொலர் கடனில் 18 பில்லியன் தள்ளுபடியாக, மீதி 12 பில்லியனை 2006இல் கட்டி முடித்தார்கள்.

அதே ஆண்டில் வெளிநாட்டமைச்சுக்கு மாற்றப்பட்ட அவர், சில வாரங்களில் இராஜினாமாச் செய்தார். 2011இல் மீண்டும் நிதியமைச்சர். எரிபொருள் இறக்குமதியாளர்களின் சந்தேகத்துக்கிடமான மானியக் கோரிக்கைகளுக்குப் பணம் கொடுக்க மறுத்தார். 2012 டிசம்பரில் அவரது தாயார் கடத்தப்பட்டார். மகள் பதவி விலக வேண்டும் என்பதே கடத்தியவர்களின் கோரிக்கை. அவர் விலகவில்லை, தாயார் ஐந்து நாட்களில் மீண்டார்.

ஆனால் 2014இல் எண்ணெய் விலை சரிந்தபோது தனிக் கணக்கில் போதிய பணம் இருக்கவில்லை. மாநில ஆளுநர்கள் தமது பங்கைப் பிரித்துத் தரும்படி நெருக்கி வந்திருந்தனர். 2021இல் உலக வர்த்தக அமைப்பின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது.

கூட்டு வியாபாரம் செய்வோர் கவனிக்க வேண்டியது இதுதான்: முதலாளி ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்தால் போதாது. இலாபத்தில் எவ்வளவை ஒதுக்குவது என்பதில் பங்காளிகள் எல்லோரும் உடன்பட்டிருக்க வேண்டும்.