தெருவில் நோயறிந்த வைத்தியர்

நரம்பு நோய் நிபுணர் என்றதும் பல்கலைக் கழகப் பட்டங்களும் பேராசிரியர் பதவியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பார்க்கின்சன் நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சனுக்கோ இவற்றில் ஒன்றேனும் இருந்ததில்லை.

இலண்டனை அடுத்த ஹொக்ஸ்டனில் 1755இல் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. அவரிடமே தொழில் பயின்று, அவ்வூரிலேயே வைத்தியம் செய்துவந்தார். முப்பது வயதளவில், புகழ்பெற்ற சத்திர வைத்தியர் ஜோன் ஹண்டரின் விரிவுரைகளைச் சென்று கேட்டு, அவற்றைச் சுருக்கெழுத்திற் குறித்துக்கொண்டார். அப்பழக்கம் பின்னர் அவருக்குப் பெரிதும் கைகொடுத்திருக்க வேண்டும்.

1817இல், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதிற் கூறப்பட்ட நோயாளர் ஆறு பேரே! அவர்களிலும் சிலர் அவரை நாடி வந்தவரல்லர், தெருவிற் கண்டவர். ஒருவரைத் தூரத்தே பார்த்ததோடு சரி. ஓய்ந்திருக்கையில் நடுங்கும் கை, முன்னே வளைந்த உடல், தம்மையறியாமலே ஓட்டமாக மாறும் நடை ஆகிய மூன்றும் ஒரே நோயின் குறிகள் என அவர் கண்டுகொண்டார். கோளாறு கழுத்தெலும்பினுள்ளே செல்லும் நரம்புத் தண்டில் உள்ளதென அவர் ஊகித்தது மட்டும் பொருந்தவில்லை. மூளையின் நடுப்பகுதியிலுள்ள கரிய நரம்புக் கலங்கள் அழிவதே காரணமென்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று.

வாழ்நாளில் அவருக்குப் புகழ் தந்தவை உயிர்ச்சுவடுகள் பற்றிய நூல்களே என்பது வேடிக்கைதான். 1824இல் அவர் மறைந்தார். நரம்பு நோய்களுக்கெனப் பாரிஸ் நகரில் 1882இல் ஏற்பட்ட பேராசிரியர் பதவியை முதன்முதல் வகித்த ஷார்க்கோவே, அந்த ஊர் வைத்தியரின் பெயரை அந்நோய்க்குச் சூட்டியவர்.