தபேபூயா இளஞ்சிவப்பு அச்சில் ஏறுமா?

பெங்களூரில் பொங்கல் முடிந்த கையோடு தபேபூயா மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு உச்சிமுதல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் ஒருவர் அதை வாட்டர்கலரில் வரைந்து, நூறு வாழ்த்து அட்டை அடித்து, சொந்தபந்தங்களுக்கு அனுப்ப நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவியம் கண்ணைப் பறிக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தால், பூவெல்லாம் பத்துத் தடவை துவைத்த சட்டைபோல இருக்கிறது. வானத்தின் நீலமும் ஏதோ அழுக்குப்பட்ட மாதிரி.

அச்சகத்துக்காரரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு ஒளியிலும் மையிலும் இருக்கிறது.

அப்படியானால் அசல் ஓவியத்தையே அட்டையாக அனுப்பிவிடலாமே? அனுப்பலாம், உறைக்குள் பத்திரமாகப் போட்டு. வாட்டர்கலர் என்பது அரைத்த நிறமித்தூளும் கோந்தும் சேர்ந்த கலவை. அந்தக் கோந்து ஆப்பிரிக்க அகேசியா மரத்தின் பிசின். நம் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. காய்ந்த பிறகும் அது தண்ணீர் பட்டால் கரையும். தபால் பையில் ஒரு மழைத்துளி விழுந்தால் பூ கிளையோடு சேர்ந்து ஒழுகிவிடும்.

இந்த வண்ணத்தின் பிரகாசத்துக்கு உண்மையான காரணம் தாள்தான். ஒளி மெல்லிய வண்ணப்படலத்தை ஊடுருவி, தாளின் வெண்மையில் மோதி, அதே படலம் வழியாக மீண்டும் வெளியே வருகிறது. தாள் தண்ணீரை எப்படி வாங்குகிறது என்பதும் முக்கியம். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டால் சட்டென்று ஊறிப் பரவிவிடும். நல்ல ஓவியத்தாளில் அதே சொட்டு கொஞ்ச நேரம் முத்தாக நிற்கும். தாளுக்கு ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பதே காரணம். உயர்தர ஓவியத்தாள் பருத்தி இழையால் ஆனது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959 முதல் பருத்திக் கழிவில் தாள் செய்துவருகிறது. ஓசூர் சாலையோரத்து ஆயத்த ஆடை ஆலைகளில் தினமும் விழும் வெட்டுத்துணியைப் பார்க்கும்போது, பொம்மனஹள்ளிக்காரருக்கு மூலப்பொருள் வாசலிலேயே கிடப்பது தெரியும்.

வரையும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பூ வரைந்த இடம் காய்ந்ததும் ஓரத்தில் மட்டும் அடர்ந்த கோடு விழுந்திருக்கும். சொட்டின் விளிம்பு தாளில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்க, அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகிற போக்கில் நிறமியையும் இழுத்துக்கொண்டு போகிறது. மேசையில் சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இதனால்தான். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதை விளக்கி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஓவியர்களோ எந்தச் சூத்திரமும் இல்லாமலே பூவிதழின் ஓரத்தை வரையும் வேலையைப் பல தலைமுறைகளாக இந்த வளையத்திடம் ஒப்படைத்துவந்திருக்கிறார்கள்.

இனி ஸ்கேனர். 5க்கு 7 அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 31.5 லட்சம் புள்ளிகள். புள்ளிக்குப் பஞ்சமில்லை, சிக்கல் நிறத்தில். ஆஃப்செட் அச்சு நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக வைத்தே எல்லா நிறத்தையும் காட்டியாக வேண்டும். பளிச்சென்ற இளஞ்சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும் இந்த நால்வரின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அதிலும் ‘ஓபரா ரோஸ்’ என்று விற்கும் வண்ணத்தில் ஒளிரும் சாயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் குறைந்த அலைநீள ஒளியையும் வாங்கி இளஞ்சிவப்பாகத் திருப்பித் தருவதால்தான் அந்த மினுக்கு. சாதாரண மை, விழுகிற ஒளியில் ஒரு பகுதியை விழுங்க மட்டுமே செய்யும். அதனால் அந்த மினுக்கைத் தர முடியாது.

ஐந்தாவதாக ஒளிரும் இளஞ்சிவப்பு மை ஒன்றைச் சேர்த்து அச்சிடலாம். நூறு அட்டைக்கு அது கட்டுப்படியாகாது.

பழைய வழி ஒன்று இருக்கிறது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது. கோட்டுச்சித்திரத்தைக் கல்லச்சில் அடித்து, நிறத்தைக் கையால் தீட்டினார்கள். சுமார் ஆயிரம் பிரதி. ஒன்று ஒரு ஷில்லிங். நம் பக்கம் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சில் ஏறி, காலண்டர்களாக வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. லட்சக்கணக்கில் அடிக்க அந்த முறை சரி. நூறே அட்டைக்கு ஹென்றி கோல் வழிதான் கெட்டிக்காரத்தனம்: மரத்தையும் வானத்தையும் பூச்சில்லாத தாளில் அடித்து வாங்கி, பூவை மட்டும் தூரிகையால் வைத்துவிடலாம். ஒவ்வொரு அட்டையிலும் பூ கொஞ்சம் மாறியிருக்கும். வாங்கியவர் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்.

எந்த வண்ணத்தை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் வாட்டர்கலர்களை வெயிலில் வைத்துச் சோதித்து, பல வண்ணங்கள் வெளுப்பதை அறிக்கையாகவே தந்தார்கள்; காற்றை அகற்றிய குழாய்களில் வைத்தபோது அவற்றில் பல தப்பின. ஓபரா ரோஸின் ஒளிரும் சாயமும் வெயில் தாங்காது. குவினாக்ரிடோன் வகை ரோஸ் அவ்வளவு மினுங்காது. ஆனால் நீடித்து நிற்கும். சந்தேகமிருந்தால் இரண்டையும் ஒரு தாளில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். சில வாரம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தூரிகையை நனையுங்கள்.