பேக்கப் ஆன் செய்தாச்சு. கம்ப்யூட்டர் திரும்ப வருமா?

விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனாளர்கள் பெற்ற கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. வாலாஜாபாத், ஒரகடம் பக்கத்துச் சிறு பட்டறைகளிலிருந்து வரும் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: அந்த ஓராண்டுக்காக 'விண்டோஸ் பேக்கப்'பை ஆன் செய்தோம், அப்படியானால் கம்ப்யூட்டர் பத்திரம்தானே? இல்லை. (வீட்டுக்கென்று வந்த சலுகை பட்டறைக்கும் போய்ச் சேர்ந்திருப்பது தனிக்கதை.) மைக்ரோசாஃப்ட் 'பேக்கப்' என்று பெயர் சூட்டியிருப்பது செட்டிங்குகளையும் சில ஃபோல்டர்களையும் ஒன்டிரைவில் ஏற்றிவைக்கும் வசதிக்கு. அங்கே இலவச இடம் 5 ஜிபி. டெஸ்க்டாப் மென்பொருள்களின் பெயர்ப் பட்டியல் அதில் மிஞ்சலாம், மென்பொருள் மிஞ்சாது. டிஸ்க் போய்விட்டால் கம்ப்யூட்டரை அப்படியே எழுப்ப, டிஸ்க் முழுவதையும் இமேஜாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை இமேஜ் எடுப்பதில்தான் சாமர்த்தியமும் சிக்கலும் இருக்கின்றன. பிரதி எடுத்து முடிவதற்குள் பாதிக் கோப்புகள் மாறிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வந்த 'வால்யூம் ஷேடோ காப்பி' இதற்கு வழி கண்டது. பிரதி தொடங்கும் நொடிக்குப் பிறகு எந்த மென்பொருளாவது ஓரிடத்தில் புதிதாக எழுத வந்தால், அங்கிருந்த பழைய தகவல் முதலில் வேறிடத்தில் எடுத்துவைக்கப்படும். இமேஜ் மென்பொருள் அந்தப் பழையதைப் படிக்கும். ஆகவே எத்தனை மணி நேரம் ஓடினாலும் கிடைப்பது ஒரே நொடியின் நிலை. ஆனால் அந்த நொடியில் பாதி எழுதிய பில் ஒன்று இருந்தால்? எஸ்கியூஎல் சர்வர் போன்றவை, பிரதி தொடங்கப்போவதாகத் தகவல் கிடைத்ததும் எழுதுவதைச் சற்று நிறுத்தி ஒத்துழைக்கும். அந்த ஏற்பாடு இல்லாத பழைய மென்பொருளின் தரவு, கரண்ட் திடீரென்று போனால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இமேஜில் விழும். ஆகவே பட்டறையில் அளவு பார்க்கும் இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டரை, விண்டோஸை முறையாக ஷட் டவுன் செய்து, பென் டிரைவில் பூட் செய்து இமேஜ் எடுப்பதே நல்லது என்பேன். வேலை நிற்கும் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம். விண்டோஸை மறுபடி போட்டால் தீர்ந்தது என்பதும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் பொருந்தும். இன்ஸ்டால் சிடி தொலைந்து, விற்ற நிறுவனமும் மூடிப்போன மென்பொருளை எங்கிருந்து போடுவது?

இமேஜ் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் தாக்கியபோது ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையும் தப்பவில்லை. அந்த வைரஸ் ஷேடோ காப்பிகளைத் தேடி அழித்தது. கைக்கெட்டிய வெளி டிஸ்க்குகளையும் பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்குத் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. பிப்ரவரியில் எடுத்த இமேஜை ஏற்றினால் அந்த ஓட்டையும் சேர்ந்தே திரும்பிவரும். எனவே நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றி, திருத்தத்தைப் போட்ட பிறகே இணைக்க வேண்டும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எப்படித் திரும்ப ஏற்றுகிறது என்று பாருங்கள். தைவானில் உருவான குளோன்ஸில்லா இலவசம். டிஸ்கில் தகவல் உள்ள பகுதியை மட்டும் எடுக்கும். ஆனால் பழையதைவிடச் சின்ன டிஸ்கில் ஏற்றச் சொன்னால் சாதாரணமாக மறுத்துவிடும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்கிலிருந்து 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுவோர் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். அதன் எழுத்துத் திரை மிரட்டினால் மவுஸில் இயங்கும் ரெஸ்கியூஸில்லா உண்டு. விண்டோஸ் ஓடும்போதே அன்றாட மாற்றங்களை மட்டும் எடுக்க வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு போதும். பலர் கேட்கும் மேக்ரியம் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. கண்ட்ரோல் பேனலில் உள்ள 'சிஸ்டம் இமேஜ்'? மைக்ரோசாஃப்டே 2017-இல் கைவிடும் பட்டியலில் சேர்த்து, வேறு நிறுவன மென்பொருளைப் பரிந்துரைத்தது.

இமேஜ் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? வேறொரு டிஸ்கில் ஏற்றி பூட் செய்து பாருங்கள், வேறு வழியில்லை.

டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால்? 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள்.

புதுக் கம்ப்யூட்டரில் ஏறுமா? ஏறலாம், ஆனால் வாங்கும்போதே போட்டுவந்த விண்டோஸின் உரிமம் பழைய மதர்போர்டுக்கு உரியது.

விண்டோஸ் 11-க்கு மாறும் முன் எடுக்க வேண்டுமா? கட்டாயம். விண்டோஸே பழையதுக்குத் திரும்பத் தரும் அவகாசம் 10 நாள்.

அக்டோபர் 13-க்குப் பிறகு விண்டோஸ் 10 நின்றுவிடுமா? நிற்காது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நிற்கும். நிறுவனங்கள் காசு கொடுத்து 2028 அக்டோபர் வரை பெறலாம்.