விரலை எடுத்தால் திரும்பாது

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்குக் கிட்டத்தில் ஏரி. கோடை வருகிறது. மனைவி, பதினொரு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண்ணோடு சுற்றிவர ஒரு ஜெட் ஸ்கீ வாங்கப்போகிறாராம். "170 குதிரைத்திறன் போதுமா, 300 வாங்கலாமா? புளூடூத் ஸ்பீக்கர் வைத்த மாடல் நல்லதா? அடியில் நீலக் கலரில் எல்இடி விளக்கு போட்டுத் தருகிறார்கள், போட்டுக்கொள்ளட்டுமா?" என்று மூன்று கேள்விகள்.

நான்காவதாக ஒன்றை அவர் கேட்டிருக்க வேண்டும். ஓடும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் என்ன ஆகும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் இதே வகை வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றில் வாடகைக்கு ஏறினேன். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்ட பையன் ஒரு நிமிஷம் பாடம் நடத்தினான்: "பயமா இருந்தா கையை எடுத்துடுங்க சார், தானா நின்னுடும்." கொஞ்ச தூரத்தில் மூங்கில் கழி நட்டு எல்லை கட்டியிருந்தார்கள். கழி நெருங்கியது, பயம் வந்தது, கையை எடுத்தேன், ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுசாக ஒடித்தேன். ஹேண்டில்பார் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க் கழியில் முட்டியது. கழி பிழைத்தது. என் முழங்காலுக்கு ஒரு வாரம் தைலம்.

காரணம் வண்டியின் பின்புறத்தில் இருக்கிறது. அடிவயிற்றில் ஒரு கம்பித் தட்டி. அதன் வழியே ஏரித் தண்ணீர் ஒரு குழாய்க்குள் ஏறுகிறது. குழாய்க்குள் இம்பெல்லர், கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கே கியர்பாக்ஸ் கிடையாது. எஞ்சின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றினால் இம்பெல்லரும் அதே ஏழாயிரம். அது தண்ணீரைப் பின்னால் தள்ளுவதோடு நிற்காமல் சுழற்றியும் விடுகிறது. அந்தச் சுழற்சி வண்டிக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. அதனால் இம்பெல்லருக்குப் பின்னால் வளைந்த தகடுகளை அசையாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவில் புகுந்து வரும் தண்ணீர் சுழற்சியைத் தொலைத்துவிட்டு நேராகிறது. பிறகு குழாய் குறுகுகிறது, வேகம் கூடுகிறது, கடைசி நாசில் வழியே பீய்ச்சி அடிக்கிறது.

முறுக்கு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். உழக்கின் வாய் அகலம், அச்சின் துளை சிறிது. ஆகவே உள்ளே மெல்ல இறங்கும் மாவு வெளியே வேகமாக வருகிறது. துளை சிறுக்கச் சிறுக்க வேகமும் கூடும், கைவலியும் கூடும். நாசிலும் அப்படித்தான், கைவலி எஞ்சினுக்கு. வீட்டில் நேராக வரும் மாவைக் கையைச் சுற்றி முறுக்காக்குகிறோம். இங்கே இம்பெல்லர் முறுக்கிய தண்ணீரைத் தகடுகள் ஓமப்பொடியாக்குகின்றன. மாவில் ஓமம் திரண்டு துளையை அடைப்பதுபோலப் பாசியோ கயிறோ கம்பித் தட்டியில் சிக்கினால் வண்டி உறுமுமே ஒழிய நகராது. மாவுக்குள் காற்று இருந்தால் முறுக்கு அறுந்து அறுந்து விழும். அலைமேல் குதிக்கிற வண்டி காற்றைக் குடித்துவிட்டுத் தள்ளுவிசை அறுந்து திணறுவதும் அதே சங்கதி. மாவில் கல் கிடந்தால்? இம்பெல்லரின் விளிம்பு பல் போனதுபோல் ஆகும். இரண்டு மூன்று அடி ஆழமாவது இல்லாத இடத்தில் கிளப்பாதே என்று கையேடுகள் எச்சரிப்பது அதற்காக. இதைப் படித்துக் காட்டியபோது வீட்டில், "உழக்கு எந்த ஏரியில் ஓடிச்சு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உழக்கை இங்கேயே கவிழ்த்துவிடுகிறேன்.

நாசிலின் நுனி இடமும் வலமும் அசையும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் அசைவது அது மட்டுமே. பீய்ச்சும் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து போனால் வண்டியின் வால் மறுபக்கம் தள்ளப்படுகிறது. சுக்கான் என்று தனியாக எதுவும் கிடையாது. சாதாரண மோட்டார் படகில் எஞ்சினை அணைத்தாலும் சுக்கானோ, அவுட்போர்டு மோட்டாரின் காலோ தண்ணீருக்குள் நிற்பதால் ஓரளவு திரும்பும். இங்கே அடிப்பாகம் வழவழ. அது வேண்டுமென்றே செய்தது. குளிக்கிற குழந்தையின் காலருகே சுழலும் இறக்கை இருக்கக் கூடாதல்லவா? அந்த நல்ல குணத்தோடு ஒட்டிப் பிறந்ததுதான் இந்தக் கெட்ட குணமும். தண்ணீர் பீய்ச்சினால்தான் திரும்பும். விரலை எடுத்தால் பீய்ச்சல் நிற்கும், கூடவே திருப்பமும் போய்விடும். ஆபத்து என்றால் மனுஷன் முதலில் செய்வதே விரலை எடுப்பது.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998ல் இந்த வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. உல்லாசப் படகு விபத்துகளில் பெரும்பாலானவர்கள் மூழ்கித்தான் இறக்கிறார்கள். இந்த ஒரு வகையில் மட்டும், மூழ்கி இறந்தவர்களைவிட மோதி அடிபட்டு இறந்தவர்கள் அதிகம் என்றது அது.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. விரலை எடுத்த நிலையில் ஹேண்டில்பாரை ஒடித்தால், எஞ்சின் தானாகவே கொஞ்சம் வேகமெடுத்துத் திருப்பத்துக்கு மட்டும் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு ஒன்று. எனக்குப் பிடித்தது அடுத்தது. நாசிலுக்கு மேலே கரண்டிபோல ஒரு மூடி. அதை நாசிலின் முன் இறக்கினால் பின்னால் போகிற தண்ணீர் முட்டி முன்பக்கமாக மடங்குகிறது, வண்டிக்கு ரிவர்ஸ். எஞ்சின் எப்போதும்போல ஒரே திசையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மூடியைப் பாதியில் நிறுத்தினால் பாதித் தண்ணீர் பின்னால், பாதி முன்னால். இரண்டும் கழிந்து வண்டி நின்ற இடத்தில் நிற்கும். அதற்குப் பெயர் நியூட்ரல்! எஞ்சின் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்க, ஒரு கரண்டி வைத்துக் கணக்கை நேர்செய்கிறார்கள். ஓடும்போதே மூடி இறங்கினால் அது பிரேக். சீ-டூ என்ற பெயரில் விற்கும் வண்டிகளில் 2009லிருந்து உண்டு. யமஹாவும் பிறகு தன் பாணியில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு விசித்திரம்: எஞ்சினை அணைப்பதற்கென்றே மணிக்கட்டில் மாட்டிய கயிறு உருவி எஞ்சின் நின்றுவிட்டால் இந்தப் பிரேக்கும் இல்லை. தண்ணீரைப் பீய்ச்சினால்தான் நிறுத்தவும் முடியும்.

சரித்திரமும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர் ஆழமில்லாத ஆறுகளில் படகு விட ஆசைப்பட்டு 1950களில் இந்தப் பீய்ச்சல் முறையைச் செம்மைப்படுத்தினார். அமெரிக்காவின் கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரியர் அதை ஒற்றை ஆள் வண்டிக்குள் திணித்தார். கனடாவின் பம்பார்டியர் 1968ல் உட்கார்ந்து ஓட்டும் சீ-டூவைக் கொண்டுவந்து, போணியாகாமல் மூட்டைகட்டி, 1988ல் திரும்ப அவிழ்த்தது. நடுவில் கவாசாகி நின்று ஓட்டும் வண்டியை விற்றுப் பெயர் வாங்கிக்கொண்டது. ஜெட் ஸ்கீ என்பது கவாசாகியின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி ஊர்ப் பெயராகிவிட்டது. போதும்.

இனி அந்த 300 குதிரைகள். தண்ணீரில் வேகம் கூட்டத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடியாக ஏறும். மூன்று மடங்கு குதிரை கட்டினால் வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. அதற்கும் மேலே ஒரு கூரை இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையோடு வைத்துக்கொண்ட புரிதலின்படி, தொழிற்சாலையிலேயே மணிக்கு 67 மைல் வாக்கில் வேகத்துக்குக் கடிவாளம் போட்டு அனுப்புகிறார்கள். மிச்சக் குதிரைகள் கிளம்பும்போது தரும் உதைக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வதற்கும். முழு வேகத்தில் 300 குதிரை எஞ்சின் மணிக்கு எண்பது, தொண்ணூறு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். கிளம்பும்போது வரும் அந்த உதையே குடும்பத்துக்கு ஆகாது. யாருக்கு ஆகாது? பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு.

வண்டியின் எச்சரிக்கை ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை. அதில் தெளிவாகவே இருக்கிறது. பின்னால் இருப்பவர் பிடி நழுவி விழுந்தால், விழும் இடம் பீய்ச்சலுக்கு நேர் எதிரே. அந்த வேகத்தில் தண்ணீர் உடம்பின் கீழ்த் துவாரங்கள் வழியே உள்ளே புகுந்து குடலைக் கிழித்துவிடலாம். பெண்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சாதாரண நீச்சல் உடை இதைத் தடுக்காது. முக்குளிப்பவர்கள் போடும் தடித்த வெட்சூட் கால்சட்டை வேண்டும். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு பேருக்கும் அது வாங்கலாம்.

மின்சார வண்டி வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கனவை வெகுகாலம் விற்ற கனடாவின் டைகா நிறுவனம் 2024ல் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றச் சொல்லி நீதிமன்றம் போனது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றும் விழுந்துவிடாதீர்கள். கார்புரேட்டர் வைத்த அந்த எஞ்சின்கள் குடித்த பெட்ரோலில் கால்பங்கு வரை எரிக்காமலே தண்ணீரில் துப்பும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999லேயே அவற்றுக்குத் தடை.

டல்லாஸ் அன்பருக்கு என் தீர்ப்பு இது: மூன்று பேர் உட்காரும், அகலமான, சூப்பர்சார்ஜர் (காற்றைத் திணித்துக் குதிரை கூட்டும் கருவி) இல்லாத ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. பிரேக் மூடி கட்டாயம். விலை குறைந்த சில மாடல்களில் அது இருக்காது, கேட்டு வாங்குங்கள். நாலு பேரும் ஒரேயடியாக ஏற முடியாது, ஒருவர் கரையில்தான். எஞ்சின் அணைக்கும் கயிறு 2021 ஏப்ரலிலிருந்து அங்கே மத்தியச் சட்டப்படியே கட்டாயம். அதை வண்டியில் தொங்கவிடாமல் ஓட்டுபவர் உடம்பில் மாட்ட வேண்டும். பையனுக்குப் பதிமூன்று ஆகும்வரை, கூடப் பெரியவர் ஒருவர் உட்காராமல் ஓட்டக் கூடாது. முதல் நாள் வெட்டவெளியான நடு ஏரிக்குப் போய், மெல்லிய வேகத்தில், வேண்டுமென்றே விரலை எடுத்து ஹேண்டில்பாரை ஒடித்துப் பாருங்கள். மனைவியும் அதைச் செய்து பார்க்கட்டும்.

நீல விளக்கு வேண்டாம். டெக்சாஸில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை இந்த வண்டியைத் தண்ணீரில் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.